இருபதா, நூறா? ஒருவருக்கு ஏற்ற மாவுச்சத்து அளவைத் தேடிய நிகழ்வு ஆய்வு

லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் உணவுமுறைக்குள் நுழைகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து?" என்பதுதான். 20 என்பார் ஒருவர், 50 என்பார் இன்னொருவர், 100-க்குள் இருந்தால் போதும் என்பார் மூன்றாமவர். மூன்றுமே யாரோ சிலருக்குச் சரியான பதில்கள். நமக்கு எது சரி என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். அந்த அளவெடுப்பு எப்படி நடக்கிறது, எங்கெங்கே தடுமாறுகிறது என்பதை ஒரே ஒருவரை வைத்து முழுசாகக் காட்டலாம் என்று இதை எழுதுகிறேன்.

இதில் வரும் பெண்மணி, இந்த உணவுமுறையைத் தொடங்குகிறவர்களிடம் அடிக்கடி தென்படும் நிலைமைகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டவர். அவருக்குக் கொடுத்திருக்கும் எண்கள் நடைமுறையில் வரக்கூடியவை. தனி மனிதர் எவருடைய மருத்துவப் பதிவும் அல்ல.

பின்னணி

வயது 44. உட்கார்ந்தே செய்யும் வேலை. உயரம் 162 செ.மீ., எடை 82 கிலோ, உடல் நிறை குறியீடு 31. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1 சதவீதம். இரண்டுமே நீரிழிவுக்கு முந்தைய நிலையைக் காட்டுபவை (வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை). ரத்தக் கொழுப்புகளில் டிரைகிளிசரைடு 214, 'நல்ல' கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 41, 'கெட்ட' கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 128. சர்க்கரைக்கு மருந்து எதுவும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரே ஒரு மாத்திரை, அதுவும் சிறுநீரைப் பெருக்கும் வகை. இந்த மாத்திரை பின்னால் முக்கியமாகிறது.

அவருக்கு மூன்று எதிர்பார்ப்புகள் இருந்தன. எடை குறைய வேண்டும், சர்க்கரை நோய்க்குள் போய்விடக் கூடாது, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட முடிய வேண்டும். மூன்றாவதைப் பலர் மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ சொல்வதே இல்லை. சொன்னாலும் கேட்பவர் குறித்துக்கொள்வதில்லை. இவருடைய அளவைக் கடைசியில் தீர்மானித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் முயற்சி ஏன் முறிந்தது

ஆலோசனைக்கு வருவதற்கு முன்பே அவர் ஒருமுறை தானாகத் தொடங்கியிருந்தார். எங்கோ படித்த 20 கிராம் கணக்கை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் தலைவலி, நான்காம் நாள் கெண்டைக்கால் பிடிப்பு. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. ஆனால் முதல் வாரத்தில் எடை 2.5 கிலோ இறங்கியதால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தார். இரண்டாம் வாரம் முள் அசையவே இல்லை. "என் உடம்புக்கு இது ஒத்துவரவில்லை" என்று விட்டுவிட்டார். விட்ட நான்கைந்து நாளில் 2 கிலோ திரும்பி வந்தது.

இங்கே நடந்த எதுவும் மர்மமில்லை. உடல் சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைச் சட்டென்று நிறுத்தினால் இந்தக் கையிருப்பின் பெரும்பகுதி கரையும், தண்ணீரும் கூடவே போகும். முதல் வாரத்து 2.5 கிலோவில் கொழுப்பின் பங்கு சொற்பம். திரும்பி வந்த 2 கிலோவும் அதேபோலத் தண்ணீர்தான்.

தலைச்சுற்றலுக்குக் காரணம் வேறு. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகச் சோடியத்தை வெளியேற்றுகிறது. அவரோ ஏற்கெனவே சிறுநீர் பெருக்கி சாப்பிடுகிறவர். போதாததற்கு ரத்த அழுத்தம் என்று உப்பையும் நன்றாகக் குறைத்திருந்தார். மூன்று பக்கமும் உப்பு வடிந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டாமல் என்ன செய்யும்? மாவுச்சத்து இல்லாததால் உடல் வாடுகிறது என்று அவர் நினைத்தது, பெரும்பாலும் உப்பும் நீரும் குறைந்ததன் விளைவு.

ஆகவே இரண்டாம் முயற்சி சமையலறையில் தொடங்கவில்லை, மருத்துவரிடம் தொடங்கியது. மருத்துவர் அவருடைய மாத்திரையைப் பாதி அளவாக்கினார். வீட்டிலேயே ரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்து வரச் சொன்னார். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தைத் திருத்தாமல் மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோ அமிலத்தேக்கம் (ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலங்கள் அளவுமீறித் தேங்குவது) வரலாம். 2015-லேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளுக்கு அமிலத்தேக்க எச்சரிக்கை விடுத்தது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், உண்ணும் பழக்கத்தில் மனநலச் சிக்கல் இருந்தவர்கள் ஆகியோர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாகத் தொடங்கக் கூடாது.

இப்போது எவ்வளவு சாப்பிடுகிறார்?

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எழுதி வரச் சொன்னோம். "நான் அதிகம் சாப்பிடுவதில்லை" என்று சொன்னவரின் சராசரி, நாளொன்றுக்கு 262 கிராம் மாவுச்சத்து. பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. தட்டில் விழுந்ததை மட்டும் நினைவில் வைத்திருந்தார், அவ்வளவுதான். வேளை உணவில் 166 கிராம். மீதி 96 கிராம் குடித்ததிலும் கொறித்ததிலும் வந்தது. நான்கு கோப்பை தேநீரில் தலா இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை, அதுவே 32 கிராம். அவற்றில் சேர்த்த பால் 20. ஒரு டம்ளர் பழச்சாறு 26. மாலை பிஸ்கட் 18.

இன்னொரு குழப்பமும் அந்த நோட்டில் இருந்தது. சில நாள் அரிசியைச் சமைப்பதற்கு முன் எடை போட்டிருந்தார், சில நாள் சோறாக. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 80 கிராம் மாவுச்சத்து. அதுவே 100 கிராம் சோற்றில் 28-தான். இதைக் கலந்து எழுதினால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

நிகர மாவுச்சத்து விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்தால் வருவது நிகரம். நார் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேராது என்பதால் கழிப்பது நியாயம்தான். ஆனால் பொட்டலங்களின் மேல் அச்சிடும் முறை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமெரிக்க முறையில் 'கார்போஹைட்ரேட்' என்ற வரியில் நாரும் சேர்ந்தே இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய முறையில் நாரைக் கழித்த பிறகுதான் அந்த எண்ணே அச்சாகிறது. இந்த இரண்டாம் வகைப் பொட்டலத்தில் நாரை மறுபடியும் கழித்தால் சாப்பிட்டதைவிடக் குறைவாகக் கணக்கு வரும். இவர் அதைத்தான் செய்திருந்தார். 'சர்க்கரை சேர்க்காதது' என்று விற்கும் இனிப்புகளிலும் இதே கதை. அவற்றில் சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் பொருள்களில் எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏறக்குறைய தொடுவதே இல்லை. மால்டிட்டால் ஓரளவு ஏற்றும். இரண்டையும் ஒன்றுபோலவே சுழியம் என்று எழுதுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. இவருக்கு ஒரே விதிதான் கொடுத்தோம்: காய், பருப்பு, கொட்டைகளில் நாரைக் கழித்து எழுதவும், பொட்டலத்தில் வருவதை அச்சிட்டபடியே எழுதவும்.

தொடக்க எண்

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பரவலாகப் புழங்கும் வரையறை இது. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தால் லோ கார்ப். 20 முதல் 50 வரை மிகக் குறைந்த அளவு, அதாவது கீட்டோ எல்லை.

130 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் இருக்கும் பயம் போய்விடும். மூளை ஒரு நாளில் செலவழிக்கும் குளுக்கோஸை அடிப்படையாக வைத்து அமெரிக்க மருத்துவ நிறுவனம் பரிந்துரைத்த தினசரி அளவு அது. சாப்பிடும் மாவுச்சத்து அதற்குக் கீழே போனாலும் மூளை பட்டினி கிடக்காது. கல்லீரல் புரதத்திலிருந்தும் கொழுப்பின் கிளிசராலிலிருந்தும் குளுக்கோஸ் தயாரிக்கும், கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்கள் இன்னொரு பகுதியை ஈடுகட்டும். எனவே 130 ஒரு வசதியான எல்லைக்கோடு. தாண்டினால் விழுந்துவிடும் விளிம்பு ஒன்றும் கிடையாது.

அளவைத் தேட இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, அடிமட்டத்துக்குப் போய்விட்டு ஏறி வருவது. 2008-ல் முடிவுகள் வெளியான, இஸ்ரேலில் 322 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், லோ கார்ப் குழு முதல் இரண்டு மாதம் 20 கிராமில் இருந்துவிட்டுப் படிப்படியாக 120 வரை ஏறலாம் என்றுதான் வைத்திருந்தார்கள். 2018-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேர் பங்கேற்றார்கள். அதிலும் லோ கார்ப் குழுவுக்கு முதல் எட்டு வார இலக்கு 20 கிராம். பிறகு வாரம் 5 முதல் 15 கிராம் வரை கூட்டி, வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க முடியும் என்று தாமே நம்பும் மிகக் குறைந்த அளவில் நிற்கச் சொன்னார்கள். ஓராண்டு முடிவில் அந்தக் குழுவின் சராசரி ஏறக்குறைய 130 கிராமில் இருந்தது. 20 என்ற எண்ணுக்கு ஊரே கும்பிடு போடுகிறது. ஆனால் அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்த ஆய்விலேயே ஆட்கள் போய் நின்ற இடம் எது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை!

இரண்டாவது வழி, இருக்கும் இடத்திலிருந்து படிப்படியாக இறங்குவது. இவருக்கு அதையே தேர்ந்தெடுத்தோம். சிறுநீர் பெருக்கி மாத்திரையும் முதல் முயற்சியின் கசப்பும் அதற்குக் காரணம். சர்க்கரை அதிகமாக இருந்து, மருத்துவர் அருகிலிருந்து கவனிக்க முடிந்து, வேகமான மாற்றம் வேண்டும் என்றால் முதல் வழியே பொருந்தியிருக்கலாம்.

130 கிராம், மூன்று வாரம்

முதல் பாதி வேலை குடிப்பதிலும் கொறிப்பதிலும் முடிந்தது. தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார், பழச்சாறுக்குப் பதில் பழம், பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடிக் கொட்டைகள். மீதியைக் குறைக்க வேளைக்கு வேளை சோறும் ரொட்டியும் சுருங்கின. புரதம் நாளுக்கு 48 கிராமிலிருந்து 90-க்குப் போனது: முட்டை, மீன், தயிர், பருப்பு. இதைச் செய்யாமல் மாவுச்சத்தை மட்டும் எடுத்துவிட்டால் பசி நாலு நாளில் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

எதை அளப்பது என்பதையும் முன்பே முடிவு செய்தோம். எடை தினமும் பார்க்கலாம், ஆனால் பேச வேண்டியது வாரச் சராசரியை. இடுப்பு மாதம் ஒருமுறை. சர்க்கரை வெறும் வயிற்றிலும், சாப்பிடத் தொடங்கியதிலிருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்திலும். இந்தக் கடைசி இரண்டுதான் மாவுச்சத்து அளவைத் தேடுபவருக்கு உண்மையான வழிகாட்டி. முதல் முயற்சியில் அவர் காலை அளவை மட்டும் பார்த்தார். எந்தச் சாப்பாடு தன்னை ஏற்றுகிறது என்று அது சொல்லவே சொல்லாது.

வந்த முதல் தகவலே பயனுள்ளது. 130 கிராமை அவர் காலை 20, மதியம் 40, இரவு 70 என்று பிரித்திருந்தார். பகலெல்லாம் அடக்கி இரவில் நிம்மதியாகச் சாப்பிடுவது. இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 158. மதியம் 40 கிராமுக்கு 126. மொத்தத்தைத் தொடாமல் 40, 45, 45 என்று மாற்றியதும் மூன்று வேளையும் 140-க்குள் வந்துவிட்டது. நாள் கணக்கைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். இவர் உடல் பதில் சொன்னது வேளைக் கணக்குக்கு. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றையோ ரொட்டியையோ கடைசியில் எடுத்தால் ஏற்றம் இன்னும் தணிந்தது. இது வேறு ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கும் விஷயம்.

மூன்று வார முடிவில் எடை 80.1. தலைவலி, பிடிப்பு எதுவும் இல்லை.

90 கிராம், ஐந்து வாரம்

சொல்ல அதிகமில்லை, அதுவே நல்ல அறிகுறி. வேளைக்குச் சுமார் 30 கிராம். இரண்டு மணி நேர அளவுகள் 105-க்கும் 125-க்கும் இடையே. வெறும் வயிற்றில் 104. மதியத் தூக்கம் குறைந்தது. எடை 77.4.

50 கிராம், நான்கு வாரம்

90-லேயே எல்லாம் நன்றாகப் போகும்போது ஏன் இறங்க வேண்டும்? அவர்தான் விரும்பினார். இன்னும் குறைத்தால் இன்னும் வேகமாகக் குறையும் என்ற எண்ணம். தடுக்கவில்லை. சோதித்துப் பார்த்தால்தான் அந்த எண்ணத்துக்குப் பதில் கிடைக்கும்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 110 அளவுக்கு வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் வெறும் வயிற்று அளவு 104-லிருந்து 109-க்கு ஏறியது. பயந்துபோனார். மிகக் குறைந்த மாவுச்சத்தில் இது சிலருக்கு நடப்பதுதான். தசைகள் கொழுப்பை எரிக்கப் பழகிவிட்டு, இருக்கும் குளுக்கோஸை மூளைக்கு விட்டுவைக்கின்றன. நாள் முழுவதற்குமான அளவு ஏறவில்லை என்றால் இந்தச் சின்ன ஏற்றத்தை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையையும் வாங்கி வந்தார். தண்ணீர் அதிகம் குடித்தால் நிறம் வெளுக்கும், குறைவாகக் குடித்தால் அடர்த்தியாகும். அவருடைய நோக்கத்துக்குக் கீட்டோனே தேவையில்லை என்பதால் அதை ஓரமாக வைக்கச் சொன்னோம்.

மலச்சிக்கல் வந்தது. பருப்பும் பழமும் குறைந்து நாரும் கூடவே குறைந்ததன் விலை. தூக்கம் கெட்டது.

ஆனால் முக்கியமான விஷயம் நோட்டில் இருந்தது. வேலை நாட்கள் ஐந்திலும் 52 கிராம் அளவில் ஒழுங்காக நின்றார். வார இறுதியில் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்ததும் கட்டு அவிழ்ந்தது: ஒவ்வொரு நாளும் 170 கிராம் அளவுக்கு. ஐந்து ஐம்பத்திரண்டும் இரண்டு நூற்றெழுபதும் சேர்த்து ஏழால் வகுத்தால் ஏறக்குறைய 86. காகிதத்தில் 50, உடம்பில் 86. ஐந்து நாள் கஷ்டப்பட்டுவிட்டு, சிரமமே இல்லாமல் நின்ற 90-க்குப் பக்கத்தில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். எடையும் அதையே சொன்னது. 90 கிராம் கட்டத்தில் வாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல், 50 கிராம் கட்டத்தில் அரை கிலோவுக்குச் சற்றுக் கீழ். நான்கு வார முடிவில் 75.6.

இதை மன உறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஒரு திட்டம் வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் உடைகிறதென்றால் அந்த எண் அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். பலரும் தம் சரியான அளவாகத் தேடுவது தாங்கக்கூடிய மிகக் குறைந்த எண்ணை. தேட வேண்டியது பலன் நிற்கும் மிக உயர்ந்த எண்ணை. மேலே உள்ள ஒவ்வொரு பத்து கிராமும் கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் பழம், வீட்டாரோடு சேர்ந்து ஒரு கரண்டிச் சோறு. காரணமில்லாமல் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

திரும்ப 90, பிறகு 100

ஏறும்போது எடை ஒரு கிலோ வரை கூடும், அது தண்ணீர், கலங்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம். மூன்றே நாளில் 700 கிராம் கூடியது. சொல்லாமல் விட்டிருந்தால் அன்றே மீண்டும் 50-க்கு ஓடியிருப்பார். அதன் பிறகு பன்னிரண்டு வாரம் 90 முதல் 100-க்குள், வார இறுதியிலும் 120-ஐத் தாண்டாமல். எடை 72.4, இடுப்பு 89. எச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால் அதுவரை பொறுத்துத்தான் பரிசோதனைக்கு அனுப்பினோம்: 5.6. வெறும் வயிற்றில் 99. டிரைகிளிசரைடு 132, எச்டிஎல் 46. எல்டிஎல் 128-லிருந்து 133. பெரிய மாற்றமில்லை, ஆனாலும் மருத்துவர் பார்வையில் இருக்கிறது. லோ கார்ப் தொடங்கிய சிலருக்கு எல்டிஎல் கணிசமாக ஏறுவதுண்டு, அதனால் இந்தப் பரிசோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை பாதி அளவிலேயே தொடர்கிறது.

இதிலிருந்து எவ்வளவு தூரம் சொல்லலாம்

மாவுச்சத்தை 262-லிருந்து 95-க்குக் குறைத்ததால்தான் இத்தனையும் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. புரதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. சர்க்கரையும் பழச்சாறும் போயின. மொத்தக் கலோரி இறங்கியது. இரண்டாம் கட்டத்திலிருந்து இரவு உணவுக்குப் பின் நடக்கவும் தொடங்கியிருந்தார். ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் ஓராண்டு முடிவில் லோ கார்ப் குழு சராசரியாக 6.0 கிலோவும், உணவில் கொழுப்பைக் குறைத்த குழு 5.3 கிலோவும் இழந்தன. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. இரு குழுவுக்கும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். உடலின் இன்சுலின் சுரப்பை வைத்தோ மரபணு வகையை வைத்தோ யாருக்கு எந்த முறை பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் அந்த ஆய்வில் முடியவில்லை. அதனால்தான் ஆளாளுக்கு அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நடைமுறைக்கு உதவும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லோ கார்ப்பில் இருக்கும்போது குளுக்கோஸ் குடிக்க வைத்துச் செய்யும் சகிப்புத்தன்மைப் பரிசோதனைக்கு அப்படியே போகக் கூடாது. அதற்கு முந்தைய மூன்று நாள், நாளுக்கு 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பரிசோதனையின் விதி. இல்லையென்றால் நோய் இல்லாதவருக்கும் இருப்பதுபோல் முடிவு வரலாம். இவருக்கு ஒருமுறை அப்படிப் பரிந்துரை வந்தபோது பரிசோதனைத் தேதியைத் தள்ளி வைக்கச் சொன்னோம்.

எடைக் குறைப்பை 72 கிலோவில் நிறுத்திக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறார். இப்போது நடப்பது ஏற்றிப் பார்க்கும் கட்டம்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 கிராம், பெரும்பாலும் பருப்பாகவும் பழமாகவும். தற்போது 115-ல் இருக்கிறார். இரண்டு மணி நேர அளவு 140-ஐத் தொடத் தொடங்கினாலோ, வாரச் சராசரி எடை இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினாலோ ஒரு படி இறங்கி அங்கே நிற்பதாக ஏற்பாடு.